கால் டன்

ஒரு பழைய மஹிந்திரா டீசல் ஜீப்பை முழுதாகக் கழற்ற வேண்டுமென்றால் இரண்டு செட் ஸ்பேனர் வேண்டும். சேசிஸ், அச்சு, பட்டா, ஸ்டீயரிங் பெட்டி எல்லாம் இன்ச் கணக்கு. எஞ்சின் பக்கம் போனால் மில்லிமீட்டர். போடிநாயக்கனூரில் மாமாவின் பட்டறையில் இந்த இரண்டு செட்டும் தனித்தனிச் சாக்குப்பையில் இருக்கும். பள்ளி விடுமுறைகளில் அந்தப் பைகளிலிருந்து கேட்டதை எடுத்துக் கொடுப்பது என் வேலை. “ஒம்போது பதினாறு எடு மாப்ள” என்பார். நான் அவசரத்தில் மற்ற பையிலிருந்து பதினஞ்சை எடுத்து நீட்டுவேன். அது மாட்டும், ஆனால் பிடிக்காது. அழுத்தித் திருகினால் நட்டின் முனை மழுங்கிவிடும்.

“அது அமெரிக்காக்காரன் நட்டு. உள்ள இருக்கிறது பிரெஞ்சுக்காரன் எஞ்சின். ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது” என்பார் மாமா.

ரொம்ப நாள் அதை வெறும் நக்கல் என்றுதான் நினைத்திருந்தேன். பிற்பாடு ஜீப்பின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கியபோதுதான் தெரிந்தது, மாமா ஒரு வரியில் அறுபது வருஷத்தைச் சொல்லியிருக்கிறார் என்று. அந்த இரண்டு சாக்குப்பைகளும் போடிக்கு எப்படி வந்துசேர்ந்தன என்று தேடப் போனதுதான் இந்தக் கட்டுரை. தேடி முடித்து நான் வந்து நின்ற இடம், என் அம்மா இருபது வருஷம் உட்கார்ந்து போய்வந்த பின் சீட்டு.

*

1940இல் பிரான்ஸ் விழுந்தபோது அமெரிக்கா இன்னும் போரில் இறங்கியிருக்கவில்லை. ஆனால் இறங்க வேண்டிவரும் என்று ராணுவத்துக்குத் தெரிந்திருந்தது. அந்த ஜூலையில் 135 கம்பெனிகளுக்கு அது அழைப்பு அனுப்பியது. இலேசான, நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி வேண்டும். எடை 1,300 பவுண்டு, அதாவது 590 கிலோவைத் தாண்டக் கூடாது. 600 பவுண்டு சுமக்க வேண்டும். மாதிரி வண்டி 49 நாளில் வாசலில் நிற்க வேண்டும்.

அழைப்பை ஏற்று ஒழுங்காகப் பதில் சொன்னவர்கள் இரண்டே பேர். அதில் ஒன்று, பென்சில்வேனியாவின் பட்லர் என்ற ஊரில் கிட்டத்தட்ட மூழ்கிவிட்ட அமெரிக்கன் பேன்ட்டம் என்ற சின்னக் கம்பெனி. கார்ல் ப்ராப்ஸ்ட் என்ற பொறியாளரைக் கூப்பிட்டு அவசர அவசரமாக வரையவைத்து, கையில் கிடைத்த உதிரிபாகங்களைக் கொண்டே ஒரு வண்டியைப் பூட்டி, செப்டம்பர் 23ஆம் தேதி ராணுவத்தின் ஹோலபர்ட் முகாமில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். ராணுவத்துக்கு வண்டி பிடித்துவிட்டது. ஆனால் பேன்ட்டத்தின் கொள்ளளவில் நம்பிக்கையில்லை. வரைபடத்தை வில்லீஸ்-ஓவர்லேண்டுக்கும் ஃபோர்டுக்கும் காட்டினார்கள். போர் முடிவதற்குள் அந்த இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேல் ஜீப் செய்தன. முதல் வண்டியைச் செய்த பேன்ட்டம், டிரெய்லர் செய்யப் போனது.

வில்லீஸ் வென்றதற்குக் காரணம் அதன் எஞ்சின். பார்னி ரூஸ் என்ற பொறியாளர் மெருகேற்றிய 2.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், 60 குதிரைத் திறன். மற்ற இரண்டு பேரிடமும் அது இல்லை. ஆனால் அது கனமான எஞ்சின். இதற்குள் ராணுவம் எடை வரம்பை 2,160 பவுண்டுக்குத் தளர்த்தியிருந்தது. வில்லீஸ் வண்டி அதையும் தாண்டியது. ரூஸ் எஞ்சினில் கைவைக்க மறுத்தார். வண்டியை மொத்தமாகப் பிரித்துப் போட்டு ஒவ்வொரு பாகத்தையும் எடைபோட்டு, போல்ட்டுகளின் நீளத்தை வெட்டி, தகட்டைச் சன்னமாக்கி, எடையைக் குறைத்தார். பெயின்ட் பூச்சைக்கூடக் குறைத்ததாகச் சொல்வார்கள். அதாவது ஜீப்புக்கு நடந்த முதல் மராமத்து அது பிறக்கும்போதே நடந்தது. எடையைக் குறைப்பதற்காக நடந்தது.

ராணுவப் பதிவேட்டில் அதன் பெயர் ‘ஜீப்’ அல்ல. ‘கால் டன் லாரி, நாலுக்கு நாலு’. அமெரிக்க டன்னில் கால் என்றால் 500 பவுண்டு. 227 கிலோ. கரடுமுரடான நிலத்தில் அவ்வளவுதான் ஏற்ற வேண்டும் என்பது கணக்கு. இந்த எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

போர்க்களத்தில் அந்த வண்டியை யாரும் பிறந்த மேனிக்கு விட்டுவைக்கவில்லை. சாலைக்குக் குறுக்கே கழுத்தளவில் கட்டிவைத்த கம்பிகளை அறுக்க பம்பரில் செங்குத்தாக ஒரு இரும்புச் சட்டம் பற்றவைத்தார்கள். வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் பிரிட்டிஷ் அதிரடிப் படையினர் காற்று நன்றாகப் பாய்வதற்காக முன்பக்கக் கம்பிகளை வெட்டி எறிந்தார்கள். ரேடியேட்டரிலிருந்து ஆவியாகும் தண்ணீரைப் பிடித்துத் திருப்பிவிட ஒரு டப்பாவைக் கட்டினார்கள். பர்மாவில் ரப்பர் டயரைக் கழற்றி ரயில் சக்கரம் மாட்டி, தண்டவாளத்தில் சரக்குப் பெட்டிகளை இழுக்கவிட்டார்கள். அதற்கு மறைவு கிடையாது, பூட்டு கிடையாது. கையில் நாலு சாவி இருந்தால் யாரும் உள்ளே புகலாம். திறக்கிறவனை நம்பிச் செய்த வண்டி.

*

போர் முடிந்ததும் ராணுவம் கழித்துப்போட்ட வண்டிகள் இங்கேயும் ‘டிஸ்போசல்’ என்ற பெயரில் தனியார் கைக்கு வந்தன. எல்லாம் இடது கை ஸ்டீயரிங். மலைச்சாலையில் இடது பக்கம் உட்கார்ந்து எதிரே வருகிற லாரிக்கு ஒதுங்குவது லேசில்லை. ஸ்டீயரிங்கையும் பெடல்களையும் வலது பக்கம் மாற்றுவதுதான் இந்தியப் பட்டறைகள் ஜீப்பில் கற்ற ஆரம்பப் பாடங்களில் ஒன்று.

1945இல் ‘மஹிந்திரா அண்ட் முகமது’ என்று ஒரு எஃகு வியாபாரக் கம்பெனி தொடங்கியது. பிரிவினையில் பங்குதாரர் குலாம் முகமது பாகிஸ்தானுக்குப் போய் அந்த நாட்டின் முதல் நிதி அமைச்சரானார். இங்கே கம்பெனி ‘மஹிந்திரா அண்ட் மஹிந்திரா’ ஆனது. அந்தப் பத்தாண்டின் கடைசியில் வில்லீஸ் ஜீப்பைப் பாகங்களாக இறக்கி பம்பாயில் பூட்டத் தொடங்கினார்கள். போகப் போக இங்கேயே செய்தார்கள். அமெரிக்காவில் 1953இல் வந்த சிஜே-3பி என்ற உயர்ந்த மூக்குள்ள ஜீப்புதான் நம் ஊர்க் கண்களில் ‘ஜீப்’ என்று பதிந்த உருவம். அமெரிக்கர்கள் அதை 1968இல் நிறுத்திவிட்டார்கள். நாம் நிறுத்தவில்லை. தாசில்தார், போலீஸ், வனத்துறை, தேர்தல் மைக் செட், சினிமா வில்லன் எல்லாருக்கும் அதே வண்டிதான். மாமாவின் முதல் சாக்குப்பை, இன்ச் பை, இந்த வழியில் வந்தது.

இரண்டாவது பை பெட்ரோல் விலையால் வந்தது. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. சில மாதங்களில் கச்சா எண்ணெய் விலை நாலு மடங்கானது. ஜீப்பின் பெட்ரோல் எஞ்சின் பெருந்தீனிக்காரன். மலையில் முதல் கியரிலேயே ஏறுகிற வண்டி குடிக்கிற பெட்ரோலைத் தோட்டச் சம்பளத்தில் கட்டி மாளாது. டீசல் விலையை அரசாங்கம் தாழ்த்தி வைத்திருந்தது. அதனால் நாடு முழுக்கப் பட்டறைகளில் பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு டீசலை ஏற்றுகிற வேலை நடந்தது. மெட்டடார் வேன் எஞ்சின், டிராக்டர் எஞ்சின், எது கிடைக்கிறதோ அது. மஹிந்திராவும் அதையேதான் செய்தது. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரோடு சேர்ந்து 1963 முதல் டிராக்டர் செய்துகொண்டிருந்தவர்கள், எழுபதுகளில் அந்த டிராக்டர் எஞ்சினையே ஜீப்பில் வைத்தார்கள். பிறகு பெஜோவிடம் உரிமம் வாங்கி எக்ஸ்டிபி 4.90 என்ற பிரெஞ்சு டீசல் வந்தது. நாலு சிலிண்டர், ஒவ்வொன்றும் 90 மில்லிமீட்டர் அகலம்; பெயர்க் காரணம் அவ்வளவுதான். 2,112 சிசி. மாமாவின் மில்லிமீட்டர் பை அதற்காகத்தான்.

எஞ்சினை மாற்றுவது, பழைய பல்பை எடுத்துவிட்டுப் புது பல்பு போடுகிற மாதிரி இல்லை. கியர் பெட்டியின் வாயும் புது எஞ்சினின் பின்பக்கமும் பொருந்தாது. நடுவே ஒரு தடித்த தகட்டை லேத்தில் கடைந்து வைக்க வேண்டும். மயிரிழை கோணல் இருந்தாலும் கிளட்ச் கத்தும். அடுத்த பிரச்சினை வேகம். பெட்ரோல் எஞ்சின் வேகமாகச் சுழலும். டீசல் நிதானமாகச் சுழலும். பழைய ஜீப்பின் பின் அச்சில் சின்னப் பல்சக்கரத்துக்கு 8 பல், பெரியதற்கு 43. அதாவது ஷாஃப்ட் 5.38 தடவை சுற்றினால் சக்கரம் ஒரு தடவை சுற்றும். பெட்ரோலுக்குச் செய்த இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு டீசலை மாட்டினால் வண்டி சமவெளியில் ஊர்ந்துதான் போகும். எஞ்சின் கதறும், வேகம் வராது. அதனால் ‘கிரௌன் பினியனை’ மாற்ற வேண்டும். மாற்றினால் சாலையில் ஓடும், ஏற்றத்தில் இழுவை குறையும்.

“ஒண்ணக் குடுத்தா ஒண்ணு போகும் மாப்ள. வண்டியில சும்மா கெடைக்கிறது எதுவும் இல்ல” என்று மாமா அதைச் சொல்வார். அப்போது அது கியரைப் பற்றிய பேச்சு என்று நினைத்தேன்.

*

போடியிலிருந்து பார்த்தால் மேற்கே சுவர் மாதிரி மலை. அந்தச் சுவருக்கு அப்பால் ஏலக்காய், தேயிலை. இங்கே ரயில், சந்தை, ஆட்கள். இரண்டையும் எப்படி இணைப்பது என்பதுதான் இந்தப் பகுதியின் நூற்றாண்டுக் கவலை. ஜீப்புக்கு முன்னாலேயே விநோதமான பதில்கள் வந்திருக்கின்றன. மூணாறு தேயிலைக்காக 1902இல் குண்டலைப் பள்ளத்தாக்கில் மாடு இழுக்கிற ஒற்றைத் தண்டவாள ரயில் விட்டார்கள். 1908இல் அதைக் குறுகிய பாதை ரயிலாக மாற்றினார்கள். அது டாப் ஸ்டேஷன் வரை வரும். அங்கிருந்து கம்பியில் தொங்கவிட்டு மலையடிவாரத்தில் கொட்டகுடிக்கு இறக்குவார்கள். கொட்டகுடியிலிருந்து வண்டியில் போடிக்கு. 1924 வெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போனது. திரும்பக் கட்டவேயில்லை. டாப் ஸ்டேஷன் என்ற பெயர் மட்டும் ஸ்டேஷன் இல்லாமல் நிற்கிறது.

இந்த ஏற்பாடுகள் எல்லாம் தேயிலைக்கு. தேயிலை எடுக்கிற ஆட்கள் நடந்தார்கள்.

1956இல் மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்துக்குப் போயின. அங்கே வேலை செய்தவர்களில் பெரும்பகுதி தமிழர்கள் என்று இங்கே போராட்டங்கள் நடந்தன. கோடு மாறவில்லை. ஆனால் வேலை கோட்டுக்கு அந்தப் பக்கமே இருந்தது, ஆட்கள் இந்தப் பக்கமே இருந்தார்கள். போடி, தேவாரம், கோம்பை, கம்பம், கூடலூர் ஊர்களிலிருந்து பெண்கள் விடிவதற்கு முன்னால் மலையேறிப் போய் ஏலக்காய் எடுத்துவிட்டு இருட்டும்போது திரும்புகிற வழக்கம் நிலைத்தது. அதைச் சாத்தியமாக்கியது ஜீப். போடிமெட்டுச் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். மேலே போய்த் தார்ச்சாலையை விட்டுத் தோட்டத்துக்குள் திரும்பினால் கல்லும் சேறும்தான் பாதை. பஸ் போகாது. ஆள் ஏற்றுகிற எந்த வண்டியும் போகாது.

அம்மா அப்படிப் போனவள். காலையில் நாலு மணிக்கு எழுந்து சோறாக்கித் தூக்குவாளியில் அடைத்துக்கொண்டு, அஞ்சரைக்குத் தெருமுனையில் நிற்பாள். ஏலத்தில் ஒரே தடவையில் அறுவடை முடியாது. ஆடி, ஆவணியில் தொடங்கினால் தை, மாசி வரை அதே செடியில் சுற்றுச் சுற்றாகக் காய் எடுக்க வேண்டும். அந்த மாதங்களில் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அம்மாவை நான் பகல் வெளிச்சத்தில் பார்ப்பேன்.

*

இப்போது அந்த எண்ணுக்கு வருகிறேன். 227 கிலோ.

அம்மா போன வண்டி அந்த ராணுவ ஜீப் அல்ல. நீளமான சேசிஸ் உள்ள டீசல் வண்டி, இன்னும் அதிகம் தாங்கும். ஆர்சி புத்தகத்தில் டிரைவரோடு சேர்த்துப் பத்துப் பேர். ஏறுவது பதினாறு, காய் மும்முரத்தில் பதினெட்டு. ஆளுக்கு ஐம்பது கிலோ என்று வைத்தாலும் 800, 900 கிலோ. பின்னால் எதிரும் புதிருமாக இரண்டு நீள பெஞ்சு. நடுவில் தரையில் நாலு பேர். கடைசியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொற்றி நிற்பவர்கள்.

இப்படி ஏற்றினால் வண்டி முதலில் புகார் செய்கிற இடம் பட்டா. அச்சுக்கும் சேசிஸுக்கும் நடுவில் வில் மாதிரி வளைந்து அடுக்கடுக்காக இருக்கும் இரும்புத் தகடுகள்தான் பட்டா. பாரம் கூடினால் வில் நிமிர்ந்து தட்டையாகும். வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்துவிடும். கல் பாதையில் ‘டங்’ என்று அச்சு சேசிஸில் இடிக்கும். ஒரு நாள் மெயின் பட்டா ஒடியும்.

ஒடிந்தால் மாமாவிடம் வருவார்கள். அவருடைய மருந்து, லாரிப் பட்டாவிலிருந்து அறுத்தெடுத்த ஒரு தகட்டை அடுக்கில் கூடுதலாகச் சேர்ப்பது. சில வண்டிக்கு இரண்டு. யூ போல்ட்டை நீளமாக மாற்றி, சென்டர் போல்ட்டைப் புதிதாகக் கடைந்து, இறுக்கிவிட்டால் வண்டி மறுபடி நெஞ்சை நிமிர்த்தி நிற்கும். ஊரில் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த வேலை அது. “அவர் போட்ட பட்டா ஒடியாது” என்பார்கள்.

மற்றவற்றையும் செய்வார். வளைவில் ஸ்டீயரிங் வெடவெடவென்று தலையாட்டினால் கிங்பின்னைத் திறந்து, தகரத்தைச் சன்னமாக வெட்டி அடியில் வைத்து, ஆட்டத்தை நிறுத்துவார். முன் அச்சு முழங்கையில் கிரீஸ் ஒழுகினால் சீல் மாற்றுவார். பெரிய டயர் ஏற முட்கார்டை வெட்டுவார். தோட்ட வண்டிகள் பலவற்றில் நாலு சக்கர இழுவையே இருக்காது. டீசலையும் தேய்மானத்தையும் மிச்சம் பிடிக்க முன் ஷாஃப்ட்டைக் கழற்றி வீட்டுத் திண்ணையில் போட்டிருப்பார்கள். டிரைவர்களுக்கு அவர் தவறாமல் சொல்வது ஒன்று: “எந்த கியர்ல ஏறுனியோ அதே கியர்ல இறங்கு.” டிரம் பிரேக் வண்டி. இறக்கம் முழுக்கப் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் டிரம் சூடேறி, லைனிங் பிடிப்பை இழக்கும். பெடல் இருக்கும், பிரேக் இருக்காது. எஞ்சின்தான் வண்டியைப் பிடித்து இறக்க வேண்டும்.

இவ்வளவும் வண்டிக்கு. உட்கார்ந்து போகிறவர்களுக்கு என்ன நடந்தது? பட்டா தடித்தால் அது வளையாது. வளையாவிட்டால் கல்லின் அடி நேராக இடுப்புக்கு வரும். சும்மா கிடைப்பது எதுவும் இல்லை என்று மாமா சொன்னது இங்கேயும் பொருந்தும். சேசிஸ் வாங்க வேண்டிய அடியை அம்மாவின் முதுகெலும்பு வாங்கியது. போகும்போது இரண்டு மணி நேரம், வரும்போது இரண்டு மணி நேரம். முப்பத்தெட்டு வயதில் அம்மா கீழே உட்கார்ந்தால் எதையாவது பிடிக்காமல் எழ முடியாது.

தம்பி போட்ட பட்டா என்று அவளுக்குத் தெரியும். ஒரு நாளும் சொன்னதில்லை.

*

நான் பத்தாவது படித்த வருஷம், ஐப்பசி மழையில், வேலை முடிந்து இறங்கிய ஒரு வண்டி வளைவில் சாய்ந்தது. அம்மா அதில் இல்லை. அவளோடு தினமும் போகிற எதிர்வீட்டுப் பெரியம்மா இருந்தாள். உயிர்ச்சேதம் இல்லை என்று ஊரே ஆறுதல் சொன்னது. பெரியம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. அதன் பிறகு அவள் மலையேறவில்லை. தெருமுனைக்குக்கூடச் சுவரைப் பிடித்துத்தான் வந்தாள். பத்துப் பேருக்கான வண்டியில் பதினேழு பேர் இருந்தார்கள்.

வண்டியை இழுத்துக்கொண்டு வந்து வேப்பமரத்தடியில் போட்டார்கள். மாமா வெகுநேரம் அதன் அடியில் படுத்துக் கிடந்தார். நான் டார்ச் பிடித்துக்கொண்டிருந்தேன். பின் அச்சுக்கு வெகு பின்னால் வரை பாடியை நீட்டிக் கட்டியிருந்தார்கள். கடைசியில் தொற்றி நிற்கிறவர்களின் பாரம் முழுக்க அச்சுக்குப் பின்னால் தொங்கும். தராசின் ஒரு தட்டு தாழ்ந்தால் மற்றது எழும்புகிற மாதிரி, முன் சக்கரங்களின் அழுத்தம் குறையும். ஈரச் சாலையில், இறக்கத்தில், ஸ்டீயரிங் திருப்பினால் சக்கரம் திரும்பும், வண்டி திரும்பாது. வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு மாமா சொன்னது:

“பட்டா ஒடியல மாப்ள. ஒரு கீறல்கூட இல்ல. அதான் தப்பு.”

எனக்குப் புரியவில்லை.

“பழைய பட்டாவா இருந்தா ஊருக்குள்ளயே உக்காந்திருக்கும். அவனும் பயந்துக்கிட்டு ரெண்டு பேரு எறக்கி விட்டுருப்பான். இப்ப அது உக்காரவே இல்லயே. அவனுக்கு எங்க தெரியும் எம்புட்டு ஏத்துறோம்னு.”

இந்த வரலாற்றில் நான் கண்டதிலேயே முக்கியமான வாக்கியம் அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன். ஒரு இயந்திரத்தின் பலவீனமான பாகம் என்பது பெரும்பாலும் அதன் வாய். “போதும்” என்று சொல்வது அதுதான். மாமா அதைச் சரிசெய்தார். வண்டி “போதும்” என்று சொல்வதை நிறுத்திவிட்டது. அவர் கெட்டிக்காரர் என்பதால்தான் அப்படி ஆனது. அரைகுறை மெக்கானிக்கிடம் போயிருந்தால் பட்டா ஒடிந்திருக்கும், ஒரு நாள் கூலி போயிருக்கும், அவ்வளவுதான்.

அதற்காக மாமாவைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த எனக்கு மனமில்லை. ஒரு வண்டிக்குப் பத்துப் பேரென்றால் நடைக்கான செலவு கட்டாது என்பார் ஓனர். கூலியில் வண்டிக் காசைக் கூட்டித் தர மாட்டோம் என்பார் தோட்டக்காரர். பத்துப் பேரோடு வண்டி கிளம்பினால் மீதி ஏழு பேருக்கு அன்று வேலை இல்லை. அந்த ஏழில் அம்மாவும் இருக்கலாம். எல்லாருடைய கணக்கும் கடைசியில் வந்து சேர்ந்த இடம் ஒரு இரும்புத் தகடு. அதைத் தடிமனாக்குவதுதான் எல்லாருக்கும் மலிவு.

அதற்குப் பிறகு மாமா ஆள் ஏற்றும் வண்டிக்குக் கூடுதல் பட்டா போடவில்லை. ஒடிந்ததை மாற்றித் தருவார், எண்ணிக்கையைக் கூட்ட மாட்டார். வேலை பாதியாகக் குறைந்தது. பக்கத்துப் பட்டறையில் போட்டுக்கொண்டார்கள்.

*

2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் தீர்ப்பு சொன்னது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றி அமைக்கக் கூடாது என்று. ஜீப் பிரியர்கள் பலருக்கு வருத்தம். ஜீப் என்றாலே மாற்றி அமைப்பதுதானே என்றார்கள். அவர்கள் சொல்வதில் வரலாறு இருக்கிறது. மேலே நானே அதைத்தான் எழுதியிருக்கிறேன். ஆனால் அந்தப் பெரியம்மாவைத் தெரிந்தவனாக, சட்டத்தின் பக்கம் நிற்கவும் எனக்குக் காரணம் இருக்கிறது.

சட்டம் எதைப் பார்க்கிறது, எதைப் பார்ப்பதில்லை என்பது வேறு விஷயம். பட்டா போடுவதை நிறுத்திய பிறகு மாமா ஒரு காரியம் செய்தார். பெரிய டயரும் உயர்ந்த பட்டாவும் போட்டதில் வண்டிகளின் பின்பக்கம் ஒரு முழம் ஏறிவிட்டிருந்தது. சேலையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, ஒரு கையில் தூக்குவாளியோடு, இருட்டில் எக்கி ஏறும்போது முழங்காலில் அடி வாங்காத பெண் கிடையாது. மாமா அம்மாவின் வண்டிக்குப் பின்னால் ஒரு மடக்குப் படியும், உட்புறம் இரண்டு பக்கமும் நீளக் கைப்பிடிக் கம்பியும் பற்றவைத்தார். காசு வாங்கவில்லை. “எத்தனை வருஷமா ஜீப்புக்கு வேல பாக்குறேன், ஏறுறவுகளுக்குன்னு செஞ்சது இதான் மொதத் தடவ” என்றார். அம்மா சிரித்துக்கொண்டே, “இப்பவாச்சும் தோணுச்சே தம்பி” என்றாள்.

மூன்று மாதம் இருந்தது அந்தப் படி. ஒரு சோதனையில் வண்டியை நிறுத்தி, படி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, ஆர்சியில் இல்லாத மாற்றம் என்று அபராதம் போட்டார்கள். உள்ளே பதினாறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஓனர் மறுநாளே வந்து படியை அறுத்துத் தரச் சொன்னார். மாமா தன் கையாலேயே அறுத்தார். கைப்பிடிக் கம்பி உள்ளே இருந்ததால் தப்பித்தது.

இன்று மலையில் ஜீப்புக்கு வேறு வாழ்க்கையும் இருக்கிறது. கொழுக்குமலை தேயிலைத் தோட்டம் தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்தில் இருந்தாலும், வண்டிப் பாதை கேரளத்தின் சூரியநெல்லியிலிருந்துதான். ஏறத்தாழ 7,900 அடி உயரத்தில் சூரிய உதயம் பார்க்க விடிகாலையில் வரிசையாக ஜீப்புகள் ஏறுகின்றன. நானும் நண்பர்களோடு போயிருக்கிறேன். முழங்கால் உயரக் கல்லின் மேல் வண்டி ஏறும்போது எல்லாரும் கூச்சல் போட்டோம். ஒரு வண்டிக்கு ஆறு பேர்தான் என்று டிரைவர் கறாராகச் சொன்னார். மெத்தென்ற சீட்டு, உருண்டாலும் காக்கும் இரும்புக் கூண்டு, பிடித்துக்கொள்ளத் தோல் வார். ஏறுவதற்குப் படி இருந்தது.

திரும்பி வந்து அம்மாவிடம் அந்தப் பயணத்தைச் சொன்னேன். குலுக்கல் பயங்கரம், இடுப்பே போய்விட்டது என்றேன். ஏன் அதைச் சொன்னேன் என்று சொன்ன பிறகுதான் உறைத்தது. அம்மா ஒன்றும் நினைத்துக்கொள்ளவில்லை. “பின்னாடி ஒக்காந்தியா, முன்னாடியா?” என்று கேட்டாள். பின்னாடி என்றேன்.

“அச்சுக்கு நேரா ஒக்காரக் கூடாது. டிரைவர் முதுகை ஒட்டி ஒக்காரணும். அங்கதான் அடி கம்மி” என்றாள்.

பார்னி ரூஸ் எடைபோட்டுக் கண்டுபிடித்தது மாதிரி, மாமா அடியில் படுத்துக் கண்டுபிடித்தது மாதிரி, அவளும் அந்த வண்டியை இருபது வருஷம் உட்கார்ந்தே படித்திருக்கிறாள். சக்கரத்துக்கு நேர் மேலே அடி அதிகம், இரண்டு அச்சுக்கும் நடுவே குறைவு. எந்தப் பொறியாளரும் அதைத்தான் சொல்வார்.

மாமாவுக்கு இப்போது கண் மங்கிவிட்டது. இரண்டு சாக்குப்பைகளும் பட்டறையில் அப்படியே இருக்கின்றன. போன பொங்கலுக்குப் போயிருந்தபோது மூலையில், துரு ஏறிக் கிடந்த அந்த மடக்குப் படியைப் பார்த்தேன். கீல் இன்னும் அசைகிறது. கிரீஸ் வைத்து வைத்திருக்கிறார்.